நடக்கத் தெரிந்தால் போதும், எண்ணத் தெரிந்தால் இன்னும் நல்லது!

விழுப்புரத்தில் பஸ் ஏறி, வளவனூர் தாண்டிப் புதுச்சேரி போகிறவர்களுக்கு வழியில் கடல் ஞாபகமே வராது. இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும்தான். வளவனூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பீச், ஒரு சுண்டல் பொட்டலம், நான்கு செல்ஃபி. அவ்வளவுதான்.

ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக்கும் சொந்தமாகக் கடற்கரை இருக்கிறது. கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் வரை மீனவக் கிராமங்கள், உப்பளங்கள், ஒரு முகத்துவாரம், பெரிய உவர்நீர் ஏரி ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மாவட்டம் முழுவதற்கும் தெரிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. கடலைப் பார்த்தே இராத கிராமங்களிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

புயல் வந்தால் எல்லோருக்கும் செய்தி. அதற்கு அடுத்த மாதங்களில் இதே வங்கக் கரையில் நடந்த இன்னொரு விஷயம் பலருக்கு ஸ்க்ரோல் செய்யும்போது கடந்துபோன ஒரு படம் மட்டுமே. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்துச் செத்து ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கி, மணலில் கிடந்தன. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஆயிரம் என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? கடலில் கேமரா எதுவும் இல்லை. தினமும் கரையில் நடந்து, கிடந்ததை எண்ணி, தேதியோடு எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். வனத்துறை ஊழியர்களோடு சேர்த்து, அவர்களில் கணிசமானவர்கள் தன்னார்வலர்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும்.

பங்குனியில் வரும் விருந்தாளி

ஆலிவ் ரிட்லிக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: பங்குனி ஆமை. ஜனவரியில் வரத் தொடங்கி, மாசி பங்குனியில் அதிகமாகக் கரையேறி முட்டையிடுவதால் இந்தப் பெயர். நாற்பது, ஐம்பது கிலோ எடை இருக்கும். இரவில், அலை ஓய்ந்த இடமாகப் பார்த்துத் தாய் ஆமை மெல்ல ஏறி வரும். பின்னங்கால்களால் பானை வடிவில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கும். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று நூறுக்கு மேல் முட்டைகள். பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி, அடித்து அடித்து மணலைக் கெட்டிப்படுத்தும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும்.

சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். வெளியே வந்த குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். ஆதிகாலம் முதல் இருட்டுக் கரையில் வெளிச்சமான பக்கம் என்றால் அது கடல்தான். இன்றைக்குச் சென்னைக் கரையில் வெளிச்சமான பக்கம் தெருவிளக்கும் ஹோட்டலும். குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடுகின்றன. நாய், காகம், நண்டு, டயர் என்று வழியெல்லாம் எமன்.

அதனால்தான் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றும் வேலை தேவைப்படுகிறது.

படிப்பைவிட்ட ஒரு மாணவர், பாட்டிலில் ஒரு கடிதம்

சென்னையில் இந்த நடை 1970களிலேயே தொடங்கிவிட்டது. ரோமுலஸ் விட்டேகர் நிறுவிய பாம்புப் பண்ணையைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. அதில் ஒருவர் சதீஷ் பாஸ்கர், ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர். வகுப்பைவிடக் கடலில் அதிக நேரம் கழித்தவர். கடைசியில் பட்டத்தை முடிக்காமல் ஆமைகளின் பின்னால் போனார். இந்தியக் கடற்கரையில் ஏறக்குறைய 4,000 கி.மீ. நடந்து, எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று எழுதி வைத்தார்.

1982ல் லட்சத்தீவின் சுஹேலித் தீவில், மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கினார். படகு வராது, போன் கிடையாது, ஐந்து மாதம். சென்னையில் இருந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். ஒரு மாதத்துக்குள் அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் பொறுப்பாகத் தபாலில் சேர்க்க, கடிதம் சென்னைக்கே வந்துவிட்டது! 2023ல் சதீஷ் பாஸ்கர் காலமானார். அவரைப் பற்றி 'டர்ட்டில் வாக்கர்' என்ற ஆவணப்படமும் வந்திருக்கிறது.

பெற்றோர் பதற வேண்டாம். யாரும் படிப்பை விடச் சொல்லவில்லை. அவர் விட்டுப்போனதில் முக்கியமானது குறிப்பேடு. இந்தியாவில் எங்கெங்கே கடலாமைகள் கரையேறுகின்றன என்று பின்னால் வந்தவர்கள் தெரிந்துகொள்ள, அந்தக் குறிப்புகளே அடித்தளம்.

1988ல் சென்னையில் மாணவர்கள் சிலர் சேர்ந்து இந்த வேலையைத் தங்கள் கையில் எடுத்தார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அன்றைக்கு நடந்த மாணவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிய கல்லூரிப் பிள்ளைகள் வந்து, பழையவர்களிடம் கற்றுக்கொண்டு, இன்றும் நடக்கிறார்கள்.

ஓர் இரவின் வேலை

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவு நெருங்கும்போது நடை தொடங்கும். டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும். கண் இருட்டுக்குப் பழகியதும், மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கியது போல ஒரு தடம் தெரியும். அதுதான் ஆமை வந்துபோன அடையாளம்.

தடம் முடியும் இடத்தில் ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். சுற்றிலும் கெட்டி மணல், ஓர் இடத்தில் மட்டும் குச்சி இறங்கும். அங்கே கையால் தோண்ட வேண்டும். முட்டை தட்டுப்படும். குழியின் ஆழம், அகலம் அளந்து குறித்துக்கொண்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் எடுப்பார்கள். உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. நேரமானால் உள்ளே கரு ஒட்டத் தொடங்கிவிடும். அதற்குள் பொரிப்பகத்துக்குப் போய், தாய் பறித்த அதே அளவில் குழி பறித்து, புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நட வேண்டும்.

இதோடு முடியவில்லை. குஞ்சுகள் வெளியேறிய பிறகு அந்தக் குழியை மறுபடி தோண்டி, உடைந்த ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை என்று எண்ண வேண்டும். வாடை குடலைப் புரட்டும். இன்ஸ்டாகிராமில் போடக்கூடிய வேலை இல்லை. ஆனால் இந்தக் கணக்கு இல்லையென்றால், பொரிப்பகம் நன்றாக நடக்கிறதா, நிழல் கட்ட வேண்டுமா, மணல் மாற்ற வேண்டுமா என்று யாருக்கும் தெரியாது.

பல இரவுகளில் ஆமையே வராது. விடியும்வரை நடந்துவிட்டு, கால் முழுக்க மணலோடு முதல் பஸ் பிடித்து வகுப்புக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு நோட்டில் பூஜ்யம் என்று எழுதுவார்கள். பூஜ்யமும் ஒரு தகவல். வராத நாட்களைக் குறித்து வைத்தால்தான் வந்த நாட்களுக்கு அர்த்தம்.

மாணவர்கள் மட்டும் இல்லை. நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி 2002ல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாகப் பயிற்றுவித்தது. கடலையும் காற்றையும் அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

மனதை உறுத்தும் ஒரு கணக்கு

மாலை வெயில் தாழ, கூடையிலிருந்து குஞ்சுகளை மணலில் விடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத உடம்பு, அலையைப் பார்த்துப் படபடவென்று ஓடும். முதல் அலை தூக்கி எறியும். மறுபடி ஓடும். குழந்தைகள் கைதட்டுவார்கள். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஆயிரம் குஞ்சுகள் கடலுக்குப் போனால், வளர்ந்து பெரிதாவது ஏறக்குறைய ஒன்று என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஓர் ஆமை செத்தால், அந்த இடத்தை நிரப்ப ஆயிரம் குஞ்சுகள் வேண்டும். ஒரு கூட்டில் நூறு என்றால் பத்துக் கூடுகள். 2025 ஜனவரியில் செத்து ஒதுங்கியவை ஆயிரத்துக்கும் மேல். ஈடுகட்டப் பத்தாயிரம் கூடுகள், பத்து லட்சம் குஞ்சுகள். துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் பொரிப்பகத்தில் எவ்வளவு உழைத்தாலும், கடலில் ஆமைகள் சாவது நிற்காவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான் என்று புரிய இது போதும்.

எப்படிச் சாகின்றன? ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை கடலடியில் மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே சிக்கிய ஆமை மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கி.மீ.க்குள் இழுவலைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. முட்டையிட வரும் ஆமைகள் கூடும் பகுதியும் இதே கரையோரக் கடல்தான். விதி மீறப்படும் இரவுகளில் முதலில் பாதிக்கப்படுவது ஆமை. அடுத்தது, இதே கரையோரத்தை நம்பிச் சிறு ஃபைபர் படகில் வலை போடும் மீனவர்.

தீர்வும் இருக்கிறது. ஆமை விலக்குக் கருவி என்று வலைக்குள் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பிகளுக்கு இடையே உள்ளே போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். ஆமையோடு மீனும் நழுவிப் போகிறது என்பது படகு உரிமையாளர்களின் வருத்தம். டீசல் விற்கும் விலையில் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தக் கருவியைப் பயன்படுத்தாததைக் காட்டித்தான் 2019ல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா தடை போட்டது. நஷ்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

இங்கேதான் நோட்டுப் புத்தகம் வேலை செய்கிறது. 'ஆமைகள் சாகின்றன, பாவம்' என்றால் அது வருத்தம். 'இந்தத் தேதியில், இந்தக் குப்பத்தின் அருகே, இத்தனை ஆமைகள்' என்றால் அது சாட்சியம். அதிகாரிகளும் தீர்ப்பாயமும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்ம மாவட்டத்தில்... கழுவெளி!

இனி வளவனூர் பக்கம் வருவோம். ஆமை நடைக்குச் சென்னை வரை போக முடியாத பிள்ளைகளுக்கு, மாவட்டத்துக்குள்ளேயே உலகப் புகழ் பெற்ற இடம் ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி ஏரி.

வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரைச் சுற்று வட்டார ஏரிகள் கொண்டுவந்து கொட்ட, உப்புக்கழி ஓடை, எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேரும் நீர்நிலை இது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், கடல் பக்கம் உவர்நீர். அதனால் இரண்டுக்கும் உரிய பறவைகள் வரும். கூழைக்கடா, பூநாரை, வர்ண நாரை, கரண்டிவாயன், கருவால் மூக்கன் என்று பட்டியல் நீளம். சில பறவைகள் மத்திய ஆசியாவிலிருந்து விசா இல்லாமல் வருகின்றன.

2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் கழுவெளி இடம்பெற்றது. உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற முத்திரை அது.

ராம்சார் அந்தஸ்துக்குப் பல அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று, 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாக வந்து தங்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஒரு பறவை இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவிகிதமாவது அங்கே இருக்க வேண்டும் என்பது. இரண்டுக்கும் ஆதாரம் யாரோ ஒருவர் நின்று எண்ணியதுதான்! வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் பறவை ஆர்வலர்களோடு கல்லூரி மாணவர்களும் பைனாகுலரோடு கரையில் நிற்கிறார்கள்.

கரையோர நடுக்குப்பத்தில் இன்னொரு வேலை நடந்தது. ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் வனம் அமைப்பு, அங்குள்ள அரசுப் பள்ளியோடு சேர்ந்து மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி கொடுத்தது. உள்ளூர் மரம் எது, மூலிகை எது, ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பிள்ளைகள் சொந்த ஊரிலேயே கற்றுக்கொண்டார்கள்.

முத்திரை கிடைத்துவிட்டதால் ஆபத்து போய்விடவில்லை. ஆக்கிரமிப்பு, வேட்டை, அழிந்துவரும் அலையாத்திச் செடிகள் என்று கழுவெளிக்குக் கவலைகள் பல. ஃபெஞ்சல் மாதிரி மழை கொட்டும்போது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ள இப்படிப்பட்ட சதுப்புநிலம்தான் பெரிய தொட்டி. தொட்டி சுருங்கினால் தண்ணீர் வேறு இடம் தேடும்.

நீங்களும் தொடங்கலாம்

பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015 முதல் நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் போதும். மொட்டைமாடியோ, உங்கள் ஊர் ஏரிக்கரையோ, எங்கே வேண்டுமானாலும் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, 'ஈபேர்டு' செயலியில் ஏற்ற வேண்டும். வளவனூரில் நின்று எண்ணிய கொக்கும் கணக்கில் சேரும். தாத்தா பாட்டியைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைகளின் ஊர்ப் பெயர்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆமை நடை பார்க்க ஆசையா? சீசனில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் சென்னை மாணவர் குழு அழைத்துப் போகிறது. முன்பதிவு உண்டு. 'ராத்திரி முழுக்க பீச்லயா?' என்று வீட்டில் கேட்டால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். குடும்பத்தோடு நடக்கிறவர்கள் நிறைய.

ஆர்வக் கோளாறில் நீங்களாக முட்டையைத் தோண்டாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன் முதல் பட்டியலில் இருக்கும் உயிரினம் இது. முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பொரிப்பகம் நடத்துகிறவர்களும் வனத்துறை அனுமதியோடுதான் நடத்துகிறார்கள். குஞ்சுகளை விடும் இடத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கையில் தூக்கிப் போஸ் கொடுக்காதீர்கள்.

கோட்டக்குப்பத்திலோ மரக்காணத்திலோ செத்த ஆமையைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட வேண்டாம். லொகேஷனோடு ஒரு படம், தேதி, நேரம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஓட்டின் மேல் பெயின்ட் அடையாளம் இருந்தால் ஏற்கெனவே எண்ணப்பட்டது என்று பொருள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இரண்டு முறை எண்ணக் கூடாது அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகும்போது சுண்டல் வாங்குங்கள், செல்ஃபி எடுங்கள். பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஒன்றுமே தென்படவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிவிட்டு வளவனூர் பஸ் பிடியுங்கள். அதுவும் கணக்குதான்.